சம்பந்திகள் விவாதத்தில் நான் அடித்த மணி

பென்டில் ஹில்,
22 ஒக்டோபர் 2024,
செவ்வாய்க்கிழமை, காலை 10.40.

என்றும் என் மதிப்புக்குரிய பெரிய மச்சான் வரதராஜா அவர்களுக்கு,

டார்னெய்ட்டில் நீங்களும் மச்சாளும் பிள்ளைகளும் முருகன் புண்ணியத்தில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி இதை எழுதத் தொடங்குகிறேன். இங்கே நானும் உங்கள் தங்கை நாகேஸ்வரியும் சீனி, பிரஷர், கொழுப்பு ஆகிய மூன்றிலும் நலம். நாலாவதாக ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் இன்னும் இரத்தப் பரிசோதனை கண்டுபிடிக்கவில்லை. உங்கள் தங்கை என்னோடு கதைத்து ஐந்து நாள் ஆகிறது. துல்லியமாகச் சொன்னால், சென்ற வியாழக்கிழமை மாலை நாலு இருபதில் இருந்து. வேண்டியதைத் துண்டில் எழுதி பிரிட்ஜில் ஒட்டிவிடுகிறாள். நானும் துண்டிலேயே பதில் எழுதுகிறேன். "பால் முடிந்தது" என்று ஒன்று, "வாங்கினேன்" என்று அதன் கீழே இன்னொன்று. நாற்பத்தொரு வருடக் கல்யாணம் இப்போது இப்படித்தான் ஓடுகிறது மச்சான். இதை வாட்ஸ்அப்பில் எழுதலாம்தான். ஆனால் நான் உங்களுக்கு மட்டும் என்று நினைத்து அனுப்பிய முதுகுவலித் தைலத்தின் படம் எப்படியோ குடும்பக் குழுவுக்குப் போய் கனடாவில் இருந்து ஒன்பது பேர் சுகம் விசாரித்தது உங்களுக்கே தெரியும். அதனால்தான் பேனா எடுத்தேன்.

விசயத்துக்கு வருகிறேன். எல்லாவற்றுக்கும் காரணம் அமெரிக்கா.

சென்ற மாதம் அவர்களின் ஜனாதிபதி வேட்பாளர்கள் இரண்டு பேரும் மோதிய விவாதத்தை ரீவியில் பார்த்தீர்களா? அங்கே அது இரவு நிகழ்ச்சி. சிட்னியில் புதன்கிழமை காலை பதினொரு மணி. ஆகவே இந்த நாட்டில் அதை முழுதாகப் பார்த்தவர்கள் வேலையில்லாதவர்களும் ஓய்வுபெற்றவர்களும் மட்டுமே. உலக அரசியலில் எங்களுக்குக் கிடைத்த ஒரே முன்னுரிமை அதுதான். நான் தேத்தண்ணியும் இரண்டு மாரி பிஸ்கற்றும் வைத்துக்கொண்டு ஒன்றரை மணித்தியாலமும் அசையாமல் இருந்து பார்த்தேன். பெயர்களை எழுதவில்லை. எங்கள் மகள் தர்சினி அடுத்த வருடம் நியூயோர்க்குக்கு உல்லாசப் பயணம் போக நினைக்கிறாள், என் கடிதத்தால் அவளுடைய விசா கெடவேண்டாம். பொதுவாக மட்டும் என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். முதலாவது, அவர்களுக்கு இருக்கக் கதிரை கொடுக்கவில்லை. கதிரைக்குத்தான் சண்டை என்றாலும் ஒரு மரியாதைக்கு ஆளுக்கொன்று போட்டிருக்கலாம். இரண்டாவது, நடுவர் கேட்பது ஒன்று, அவர்கள் சொல்வது வேறொன்று. சாமான் விலையைப் பற்றிக் கேட்டால் தாங்கள் பிறந்து வளர்ந்த கதையைச் சொல்கிறார்கள். நான் ரயில்வேயில் நேர அட்டவணை எழுதிக் காலத்தை ஓட்டியவன். பரமற்றா ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டவருக்கு நான் என் இளமைக்காலத்தைச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? மூன்றாவது, ஒருவர் பேசும்போது மற்றவரின் மைக்கை ஊமையாக்கி விடுகிறார்கள். இந்த ஒரு வசதிக்காகவே அந்த நாட்டை நான் மதிக்கிறேன், எங்களுடைய கல்யாண வீடுகளிலும் இது அவசரமாகத் தேவை. விவாதம் முடிந்த கையோடு இரண்டு பக்கத்தாரும் வெளியே வந்து தாங்களே வென்றோம் என்றார்கள். சோதனை எழுதினவனே தனக்குப் புள்ளியும் போட்டுக்கொள்கிற நாடு அது.

இன்னொன்று, அந்த ஊசலாடும் மாநிலங்கள். ஐம்பது மாநிலம் இருக்க, ஏழே ஏழு மாநிலத்துக்குத்தான் திரும்பத் திரும்ப ஓடுகிறார்கள். அங்கே ஒரு பெண்மணியைக் கூட்டிவந்து கேட்டால், "நான் இன்னும் தீர்மானிக்கவில்லை" என்கிறார். இரண்டு பேரும் வருடக்கணக்காகத் தொண்டை கிழியக் கத்திய பிறகும் அவர் தீர்மானிக்கவில்லையாம். இங்கே என்றால் வோட்டுப் போடாதவனுக்குத் தண்டம். சென்ற மாத நகரசபைத் தேர்தலில் எனக்கு ஒரு வேட்பாளரின் முகமும் தெரியாது, ஆனாலும் போய்ப் போட்டுவிட்டு, வாக்குச்சாவடிப் பள்ளிக்கூட வாசலில் சுட்டு விற்கும் சோசேஜைத் தவிர்த்துப் பாணும் வதக்கிய வெங்காயமும் மட்டும் வாங்கிச் சாப்பிட்டு, ஒரு சைவப் பிரஜையாக வீடு திரும்பினேன். எங்கள் ஊர் ஜனாதிபதித் தேர்தலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த வாக்குச்சீட்டு ஒன்றரை முழ நீளம், இடுப்பில் கட்டலாம். ஆனால் அமெரிக்க விவாதத்தில் ஒரு விசயம் என் மனதைத் தொட்டுவிட்டது மச்சான். வேட்பாளர் ஏதாவது பிழையாகச் சொன்னால், நடுவர் முகத்தில் ஒரு உணர்ச்சியும் இல்லாமல் இடையில் புகுந்து, "நீங்கள் சொன்னது சரியில்லை" என்று திருத்துகிறார். வாழ்நாள் முழுக்க இந்த வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்து வந்தவன் நான். அதற்கு ஒரு பதவியே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த நாள் எங்கள் வியாழக்கிழமை மூத்தோர் கழகத்துக்குப் போனேன். பழைய தலைவர் பேர்த்தில் மகனோடு இருக்கப் போய்விட்டதால் புதிய தலைவரைத் தெரிவுசெய்ய வேண்டியிருந்தது. எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒருவர் பெயரைச் சொல்வார், இன்னொருவர் ஆமோதிப்பார், பெயர் சொல்லப்பட்டவர் மூன்று முறை வேண்டாம் என்பார், நாலாம் முறை எல்லோருடைய விருப்பத்துக்காகவும் தியாகம் செய்து ஏற்றுக்கொள்வார். இந்த முறை ஒரு பக்கத்தில் இருந்து நாகேஸ்வரியின் பெயரும் மறு பக்கத்தில் இருந்து எங்கள் சம்பந்தி அருந்தவனின் பெயரும் வந்துவிட்டன. தர்சினியின் மாமனார்தான், வேறு ஆள் இல்லை. இரண்டு பேரும் வேண்டாம் என்றார்கள். மூன்று முறை சொல்லி முடித்தும் இரண்டு பேரும் போட்டியில் இருந்து விலகவில்லை. அப்போதுதான் நான் எழுந்து, "அமெரிக்காவிலை மாதிரி ஒரு விவாதம் வைப்பம், பிறகு ரகசிய வாக்கெடுப்பு, நான் நடுவர்" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலை நினைத்தால் இப்போது கோபமாக வருகிறது, ஒருவராவது தடுத்திருக்கக் கூடாதா?

பிறகு பிரசாரம் தொடங்கியது. பகிரங்கமாகக் கேட்டால் இரண்டு பேருக்கும் பதவி ஆசையே இல்லை. ஆனால் அருந்தவன் சனிக்கிழமைகளில் தன் காரில் ஆட்களை ஏற்றி மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குக் கொண்டுபோய் இறக்கத் தொடங்கினார், முன்பு அந்தக் காரில் பூனை கூட ஏறியதில்லை. உங்கள் தங்கை கோயிலில் செருப்பு வைக்கும் இடத்தில் நின்று, குனிந்து செருப்பு மாட்ட முடியாதவர்களுக்கு மாட்டிவிட்டபடி முழங்கால் வலி விசாரித்தாள். எங்கள் கழகத்திலும் ஒரு ஊசலாடும் மாநிலம் இருக்கிறது. டூங்காபியில் இருந்து ஒரே வான் வண்டியில் வரும் ஆறு அம்மாமார். அவர்கள் அருந்தவனின் மரக்கறி ரோல்ஸையும் சாப்பிட்டு, நாகேஸ்வரியின் கடலை வடையையும் சாப்பிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "நாங்கள் இன்னும் முடிவெடுக்கேல்லை" என்றார்கள். ஐந்து கிழமையாக முடிவெடுக்கவில்லை. ஐந்து கிழமையும் நன்றாகச் சாப்பிட்டார்கள்.

இதற்கிடையில் தர்சினி எனக்குத் தொலைபேசி எடுத்தாள். "அப்பா, பிளீஸ், நீங்கள் நியூட்ரலா இருங்கோ. இஞ்சையும் அங்கையும் நான்தான் போய்வரவேணும். அம்மாவுக்கு வோட்டுப் போட்டியளெண்டு மாமா அறிஞ்சாலும் பிரச்சினை, மாமாவுக்குப் போட்டியளெண்டு அம்மா அறிஞ்சாலும் பிரச்சினை. ஓகே?" என்றாள். நான் ஓம் என்றேன். மகளுக்குக் கொடுத்த வாக்கு. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும், பின்னால் உதவும்.

விவாத நாள் வந்தது. சென்ற வியாழன், பிற்பகல் இரண்டு மணி. மண்டபத்தில் நாற்பத்தொரு பேர். நேரம் முடிந்தால் அடிக்க ஒரு மணி தேவைப்பட்டது. வீட்டில் இருந்தது சாமி அறை மணி ஒன்றுதான், அதை எடுத்துப் போனேன். அங்கே முதலாவது பிசகு. நான் மணி அடித்ததும் டூங்காபி அம்மாமார் ஆறு பேரும் எழுந்து கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அடித்த ஒவ்வொரு தடவையும் எழுந்தார்கள். எனக்கோ ஏணியில் இருந்து விழுந்து இரும்பு வைத்த இடுப்பு, பிளாஸ்டிக் கதிரையில் அரை மணித்தியாலத்துக்கு மேல் இருக்க முடியாது, நானும் எழுந்து எழுந்து இருந்தேன். தூரத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு ஏதோ பூசை நடப்பதாகத்தான் தெரிந்திருக்கும்.

இரண்டாவது பிசகு, விவாதமே நடக்கவில்லை. மண்டபத்தின் குளிரூட்டி ஒரு வருடமாகப் பழுது, அதற்கு என்ன செய்வீர்கள் என்று முதல் கேள்வி கேட்டேன். அருந்தவன் எழுந்து, "சம்பந்தி அம்மா இருக்கேக்கை நான் வாய் திறக்கிறது மரியாதை இல்லை. அவா என்ன சொல்லுறாவோ அதுதான் என்ரை கொள்கையும். எல்லாரும் அவாவுக்கே போடுங்கோ" என்றார். உங்கள் தங்கை எழுந்து, "அவர் படிச்ச மனிசன், பெரிய மனிசன். நான் குசினிக்கை நிண்டவள். தயவுசெய்து சம்பந்திக்குப் போடுங்கோ" என்றாள். இரண்டாம் கேள்விக்கும் இதே பதில், மூன்றாம் கேள்விக்கும் இதே பதில். கழகத்தின் பொருளாளர் வேதவல்லி, திருச்சிக்காரர், பொறுமை இழந்து எழுந்தார். "ஏங்க, ரெண்டு பேருக்குமே வேணாம்னா, வீட்டுக்குப் போலாம்ல? எதுக்கு நின்னீங்க?" என்றார். அது எங்களுடைய பண்பாடு என்று விளக்கினேன். "எங்க ஊர்லயும் இதே பண்பாடுதான், ஆனா இவ்ளோ நேரம் ஆகாது" என்றார்.

ஒருவரையொருவர் திட்டினால் அல்லவா நடுவர் திருத்தலாம்? இங்கே புகழ்ச்சியாகவே கொட்டியது. ஆனால் பொய் எந்தப் பக்கத்தில் இருந்து வந்தாலும் பொய்தானே. நாகேஸ்வரி, "சம்பந்தி ஊரிலை பெரிய பள்ளிக்கூடத்திலை அதிபரா இருந்தவர்" என்றாள். நான் மணி அடித்து, "உப அதிபர். அதுவும் பதில் கடமை, நிரந்தரம் இல்லை" என்றேன். அருந்தவனின் முகம் சுருங்கியது. பிறகு அவர், "சம்பந்தி அம்மான்ரை கையாலை இடியப்பம் சாப்பிட்டவன் வேறை இடியப்பம் தேடமாட்டான்" என்றார். நான் மணி அடித்து, "அது பென்டில் ஹில் கடை இடியப்பம்" என்றேன். மண்டபத்தில் ஒரு சிரிப்பு. அவர் விடவில்லை, "இருபத்தேழு வருசம் முதியோர் இல்லத்திலை தாதியா நிண்டு எத்தினை சீவனைப் பார்த்தவா!" என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். அவளுடைய சேவைக் கடிதம் என் கோப்பில் இருக்கிறது. நான் மணி அடித்து, "இருபத்தாறு வருடம் நாலு மாதம். இடையில் எட்டு மாதம் சம்பளமில்லாத லீவு" என்றேன். டூங்காபி அம்மாமார் எழுந்து கும்பிட்டார்கள்.

வாக்கெடுப்பு நடந்தது. நான் என் சீட்டை வாங்கினேன், மடித்தேன், ஒன்றும் எழுதாமல் சட்டைப்பையில் வைத்தேன். நடுவருக்கு அதுதான் அழகு என்று நினைத்தேன். வேதவல்லி எண்ணினார். இருபதுக்கு இருபது. என் சட்டைப்பை என் நெஞ்சைச் சுட்டது மச்சான், ஆனால் வாக்குகளை எண்ணி முடித்த பிறகு எப்படி எடுப்பது? சமமாக வந்தால் திருவுளச்சீட்டு என்று எங்கள் கழகத்தின் யாப்பு விதிகளில் இருக்கிறது. இரண்டு துண்டில் பெயர் எழுதி, குலுக்கி, வேதவல்லி ஒன்றை எடுத்தார். அருந்தவன். அவர் வேண்டாம், வேண்டாம், வேண்டாம் என்று மூன்று முறை சொன்னார். பிறகு ஏற்றுக்கொண்டார். பூமாலை அவருடைய காரில் தயாராக இருந்தது. இப்போது இரண்டு பக்கத்தாரும் தாங்களே வென்றோம் என்கிறார்கள். அவருடைய ஆட்கள் முருகனே தெரிவுசெய்த தலைவர் என்கிறார்கள். எங்கள் ஆட்கள் இருபது வாக்கில் தோல்வி எங்கே இருக்கிறது என்றும், துண்டு மடித்த விதம் சரியில்லை என்றும் சொல்கிறார்கள். அமெரிக்காவை விட நாங்கள் எதில் குறைவு?

நாலு இருபதுக்கு வீட்டுக்கு வந்தோம். நாகேஸ்வரி களைப்பாக இருக்கிறாள் என்று நினைத்து நானும் கதை கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை துணி தோய்க்க எடுத்தபோது என் சட்டைப்பையில் அந்த வெறும் சீட்டு அவளுடைய கையில் அகப்பட்டுவிட்டது. அதைப் பிரிட்ஜில் காந்தத்தால் ஒட்டிவிட்டுப் போய்விட்டாள். இப்போது நான் பால் எடுக்கப் போனாலும் அது என்னைப் பார்க்கிறது, தண்ணீர் எடுக்கப் போனாலும் பார்க்கிறது. அந்த ஒரு வாக்கு விழுந்திருந்தால் இருபத்தொன்றுக்கு இருபது, அவள் தலைவர். நாற்பத்தொரு வருடம் கூட இருந்தவளுக்கு ஒரு வாக்குப் போடவில்லை என்றுதானே நினைப்பாள்? எனக்கு அது தாங்க முடியவில்லை. சாப்பாடும் இறங்கவில்லை, வியாழக்கிழமையில் இருந்து சரியாகச் சாப்பிடவே இல்லை.

ஆகவே உங்களிடம் மன்றாடிக் கேட்கிறேன். அவள் கேட்பது உங்களுடைய ஒரு சொல்லைத்தான். ஒருமுறை தொலைபேசி எடுத்து, நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாமல், "அரியத்துக்கு இப்ப மறதி கூட. சீட்டைப் பெட்டியிலை போட மறந்திருப்பான்" என்று சொல்லிவிடுங்கள். உண்மை இல்லைதான். ஆனால் இதை நான் திருத்தமாட்டேன், சத்தியம்.

மச்சாளின் காலைக் கவனிக்கச் சொல்லுங்கள், உங்கள் வீட்டு மாடிப்படி நல்லதில்லை. பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் மயிலேறும் பெருமான் நல்ல படிப்பும், படித்தபின் வீட்டில் வாயை மூடிக்கொண்டிருக்கும் அறிவும் தருவாராக.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன் என்ற பதவியில் இன்னும் இருப்பதாக நம்பும்,
அரியரத்தினம்.

பி.கு.: தபால் முத்திரைகள் நாகேஸ்வரியின் கைப்பைக்குள் இருக்கின்றன. பிரிட்ஜில் துண்டு ஒட்டிக் கேட்டிருக்கிறேன். கிடைத்ததும் அனுப்புகிறேன்.

பி.கு. 2:

அண்ணா, நான் நாகேஸ். முத்திரை ஒட்டலாம் என்று எடுத்தேன், உறை ஒட்டப்படாமல் இருந்தது. வாசித்துவிட்டேன். அவருக்குப் பிழை திருத்துவது பிடிக்கும் என்பதால் சிலதைத் திருத்திவிடுகிறேன்.

வியாழக்கிழமையில் இருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்பது பொய். நேற்று மத்தியானம் கத்தரிக்காய்க் குழம்பு இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டார். இடியப்பம் கடை இடியப்பம்தான், அதற்கு எனக்குக் கோபம் இல்லை, கறி என்னுடையது. அந்தச் சீட்டுக்கும் எனக்குக் கோபம் இல்லை. தர்சினி எனக்கும் தொலைபேசி எடுத்துச் சொன்னவள். அதோடு சம்பந்திக்கு விழுந்த இருபதில் ஒன்று நான் போட்டது. அவருக்குப் போடுங்கோ என்று மேடையில் சொல்லிவிட்டு எனக்கே போட்டுக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது. எனக்கு நானே போட்டிருந்தால் நான்தான் தலைவர். சீட்டைப் பிரிட்ஜில் ஒட்டியது அவர் பத்திரமாகக் கோப்பில் வைக்கட்டும் என்றுதான்.

நான் கதைக்காமல் விட்டது வியாழக்கிழமை. சீட்டைக் கண்டது வெள்ளிக்கிழமை. ரயிலுக்கு நேரம் எழுதின மனிதருக்கு இது மட்டும் விளங்கவில்லை.

இத்தனை வயதில் நாலு பேருக்கு முன்னால் ஒருவர் என்னைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை, அண்ணா. அதற்கும் மணி அடித்தார். அவர் கழித்த எட்டு மாதமும் நான் எங்கே நின்றேன் என்று அவருடைய கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். அவர் ஏணியில் இருந்து விழுந்து இடுப்பில் இரும்பு வைத்துப் படுத்துக் கிடந்த வருடம் அது. குளிக்க வார்த்ததும், சோறு தீத்தியதும், நடக்கப் பழக்கியதும் நான்தான். அந்த எட்டு மாதமும் நான் ஒரு நோயாளியைத்தான் பார்த்தேன். ஆகவே சம்பந்தி சொன்ன கணக்குச் சரி.

நீங்கள் தொலைபேசி எடுக்க வேண்டாம். முத்திரை ஒட்டி மேசையில் வைக்கிறேன். அவரே இதை வாசித்துவிட்டுத் தபாலில் போடட்டும்.

உங்கள் அன்புத் தங்கை,
நாகேஸ்வரி.

பி.கு. 3: மச்சான், சரிபார்த்தேன். இருபத்தேழு வருடம், ஒரு நாளும் குறைவில்லை. – அரியம்.